வாங்க மறுத்த பணம்

கடனைத் திருப்பித் தர வந்தவரை ஒருவர் எதற்காகத் திருப்பி அனுப்ப வேண்டும்?

மேலோட்டமாகப் பார்த்தால் அர்த்தமில்லாத கேள்வி. கடன் கொடுத்தவருக்கு வேண்டியது பணம். பணம் வாசலில் வந்து நிற்கிறது. வாங்கிக்கொண்டு நோட்டைக் கிழித்துப் போட வேண்டியதுதானே? ஆனால் வட்டிக் கணக்கில் ஊறிய எந்த ஊரிலும் இந்தப் பேச்சைக் கேட்டவர்கள் இருப்பார்கள். "இப்ப என்னப்பா அவசரம், அறுப்பு முடியட்டும், மொத்தமா பாத்துக்கலாம்." "நோட்டு வக்கீல்கிட்ட இருக்கு, அடுத்த வாரம் வா." அடுத்த வாரம் போனால் ஆள் ஊரில் இல்லை. அதற்கடுத்த வாரம் கையில் இருந்த பணம் மாட்டுத் தீவனத்துக்கோ பிள்ளையின் காய்ச்சலுக்கோ போயிருக்கும். வட்டி மட்டும் எங்கும் போகாது, வீட்டிலேயே இருக்கும்.

மறுக்கிறவருக்கு இதில் இரண்டு லாபம். ஒன்று, வட்டி ஓடுகிறது. இரண்டாவதுதான் பெரியது. அவர் கண் பணத்தின் மேல் இல்லை, கிணற்றோடு சேர்ந்த அந்த இரண்டு ஏக்கரின் மேல் இருக்கிறது. கடன் தீர்ந்துவிட்டால் நிலம் கைக்கு வராது. தீராமல் வளர்ந்தால் ஒருநாள் கோர்ட் மூலமாகவே வந்துவிடும்.

சங்கராபுரம் பக்கத்து நிலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இன்றைக்கு அது கள்ளக்குறிச்சி மாவட்டம், 2019-ல் பிரிந்தது. 1993 வரை தென்னார்க்காடு. மேற்கே கல்வராயன் மலை, அங்கிருந்து இறங்கிவரும் மணிமுக்தா ஆறு, வடக்கே தென்பெண்ணை. ஆற்றையும் ஏரியையும் விட்டு விலகினால் மழையை நம்பிய மேட்டுக்காடு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தென்னார்க்காட்டின் இந்த வகை நிலங்களுக்குள் நிலக்கடலை வெள்ளமாகப் புகுந்தது. இந்தப் பக்கம் அதற்கு மல்லாட்டை என்று பெயர். மணிலாக் கொட்டை என்பது தேய்ந்து அப்படியானது. புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பல் ஏறிய பயிர் அது. விதைக்கும் முன்பே தரகர் முன்பணம் தருவார், அறுவடையில் பிடித்துக்கொள்வார். விலை நன்றாக இருந்தவரை இந்த வண்டி ஓடியது. 1930-ல் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது விளைபொருளின் விலையும் விழுந்தது. மல்லாட்டை விலை விழுந்தால் மல்லாட்டையை நம்பி வாங்கிய கடனும் விழ வேண்டும் அல்லவா? விழவில்லை. நோட்டில் எழுதிய எண் எழுதியபடியே இருந்தது. அதன்மேல் வட்டி ஏறியது, வட்டியின்மேல் கோர்ட் செலவு ஏறியது.

தர வந்த பணத்தை வாங்க மறுத்தால் வட்டி என்ன ஆகும் என்ற கேள்விக்கு நம் பழைய நூல்களில் ஆச்சரியப்படும் அளவுக்குத் தெளிவான விடை இருக்கிறது. யாக்ஞவல்கிய ஸ்மிருதி இதை ஒரே சுலோகத்தில் முடிக்கிறது: கடன்காரன் திருப்பித் தரும் தன் பணத்தைக் கொடுத்தவன் வாங்க மறுத்தால், அந்தப் பணத்தை ஒரு மத்தியஸ்தரிடம் வைத்துவிட வேண்டும், அதற்குமேல் அது வளராது. அர்த்தசாஸ்திரம் இன்னும் கறார். வாங்க மறுப்பவருக்குப் பன்னிரண்டு பணம் அபராதம். மறுப்புக்கு நியாயமான காரணம் இருந்தால், பணம் மூன்றாம் ஆளிடம் வட்டியில்லாமல் இருக்கும். ரோமாபுரியிலும் கிட்டத்தட்ட இதேதான். வாங்க மறுத்த பணத்தை முத்திரையிட்டுக் கோயிலில் வைத்துவிட்டால் வட்டி நின்றுவிடும்.

இவற்றில் பொதுவாக இருக்கும் விஷயம் ஒன்றைக் கவனியுங்கள். "நான் தரத் தயாராக இருந்தேன்" என்று வாயால் சொன்னால் போதாது. பணம் கடன்காரனின் கையை விட்டுப் போயிருக்க வேண்டும். கையிலேயே வைத்துக்கொண்டு, அதில் வியாபாரமும் பண்ணிக்கொண்டு, வட்டியும் தர மாட்டேன் என்றால் அது நியாயமில்லை. இந்த ஒரு தர்க்கம்தான் பிறகு வந்த எல்லாச் சட்டங்களுக்குள்ளும் ஓடுகிறது. மத்தியஸ்தர் இருந்த இடத்தில் கோர்ட் வந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டேன், ஆனால் அந்த இடமாற்றம் சாதாரணமாக நடக்கவில்லை.

1855-ல் கம்பெனி அரசு வட்டிக்கு இருந்த உச்சவரம்புச் சட்டங்களை ரத்து செய்தது. இரு தரப்பும் எந்த வட்டிக்கு ஒப்புக்கொண்டார்களோ அந்த வட்டி. வட்டி அசலைத் தாண்டக் கூடாது என்ற பழைய விதி ஒன்று உண்டு, தாம்துபட் என்பார்கள். பம்பாய் மாகாணத்தில் கோர்ட்டுகள் அதை ஏற்றன. சென்னை மாகாணத்து மொபசல் கோர்ட்டுகளில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. 1859-ல் காலவரையறைச் சட்டம் வந்தது. சாதாரணக் கடன் பத்திரத்துக்கு மூன்று வருஷம்தான் ஆயுள். கடன்காரனைக் காப்பாற்றக் கொண்டுவந்த ஏற்பாடு மாதிரித் தெரியும். நடைமுறையில் என்ன ஆனது என்றால், முன்பு பத்து வருஷம் பொறுத்திருந்த லேவாதேவிக்காரரும் மூன்றாவது வருஷம் முடிவதற்குள் ஒன்று நோட்டைப் புதுப்பிக்கச் சொன்னார், இல்லை வழக்குப் போட்டார். புதுப்பிக்கும்போது சேர்ந்த வட்டியும் அசலாக மாறியது. வழக்குப் போட்டால் டிக்ரி கிடைத்தது. 1908-ன் சிவில் நடைமுறைச் சட்டப்படி டிக்ரிக்குப் பன்னிரண்டு வருஷம் ஆயுள். மூன்று வருஷக் காகிதத்தைக் கொடுத்துப் பன்னிரண்டு வருஷக் காகிதம் வாங்கிக்கொள்ளும் இடமாக முன்சீப் கோர்ட் ஆனது.

டிக்ரி ஆனபிறகு வட்டி எவ்வளவு? அதே சட்டத்தின் 34-வது பிரிவு மூன்று கட்டமாகப் பிரிக்கிறது. வழக்குப் போடும் நாள்வரை ஒப்பந்த வட்டி. வழக்கு நடக்கும் காலத்துக்குக் கோர்ட் நியாயம் என்று நினைக்கும் வட்டி. டிக்ரி தேதியிலிருந்து பணம் வந்து சேரும்வரை, இன்றைய வாசகப்படி ஆண்டுக்கு 6 சதவீதத்துக்கு மிகாத வட்டி. வியாபாரக் கடனுக்கு மட்டும் அதைத் தாண்டலாம் என்று பிறகு சேர்த்தார்கள். இங்கிலாந்தில் தீர்ப்புக் கடனுக்கு 1838-ல் 4 சதவீதம் என்று வைத்தார்கள். 1993-லிருந்து அது 8 சதவீதம். அங்கே சட்டமே விகிதத்தைச் சொல்கிறது, இங்கே நீதிபதி சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டுவிட்டால் மறுத்துவிட்டதாகவே அர்த்தம்.

இப்போது சங்கராபுரத்து விவசாயி ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். நான் கற்பனையாகத்தான் சொல்கிறேன், பெயர் வைக்கவில்லை. அவர்மேல் டிக்ரி ஆகிவிட்டது. மனுஷர் யோக்கியர். அறுவடைக் காசில் நூறு ரூபாயை மடியில் கட்டிக்கொண்டு நேராக டிக்ரி வாங்கியவர் வீட்டுக்கே போகிறார். அவரும் வாங்கிக்கொள்கிறார். "கணக்குல எழுதிக்கிறேன், நீ போ." ரசீது கிடையாது. கேட்பதும் மரியாதை இல்லை. மறுவருஷம் இன்னொரு நூறு. மூன்றாவது வருஷம் அமீனா வந்து கதவைத் தட்டுகிறார். நிறைவேற்று மனுவில் முழுத் தொகையும் இருக்கிறது, கொடுத்த இருநூறு எங்கும் இல்லை.

கோர்ட்டில் போய் "நான் கொடுத்தேன்" என்று சொல்லலாமே? இங்கேதான் ஆர்டர் 21, விதி 2 குறுக்கே நிற்கிறது. கோர்ட்டுக்கு வெளியே கொடுத்த பணத்தைக் கோர்ட்டில் பதிவு செய்ய வேண்டும். டிக்ரிதாரர் தானாக வந்து சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கடன்காரர் மனுப் போட்டுப் பதிவு செய்யச் சொல்ல வேண்டும். கடன்காரர் மனுப் போட இன்றைய கெடு 30 நாள். பதிவாகாத பணத்தை, டிக்ரியை நிறைவேற்றும் கோர்ட் கண்ணெடுத்தும் பார்க்காது. இந்த விதிக்கு ஒரு நியாயம் இருக்கிறது. இல்லையென்றால் ஒவ்வொரு ஜப்தியிலும் "கொடுத்தேன்", "வாங்கலை" என்று புது வழக்கே நடக்கும். ஆனால் வாய்ச்சொல்லில் கொடுக்கல் வாங்கல் நடந்த ஊரில், எழுதத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் நடுவில் இந்த விதி எந்தப் பக்கம் சாய்ந்தது என்று சொல்லவே வேண்டாம். மறுக்கப்பட்ட பணத்தைவிட இந்த வாங்கப்பட்ட பணம்தான் அதிகம் பேரை அழித்திருக்கும் என்பது என் எண்ணம். மறுத்தால் பணமாவது கையில் மிஞ்சும்.

அமீனா வந்தபிறகு நடப்பது தெரிந்த கதை. தண்டோரா போட்டு நிலம் ஜப்தி, பிறகு ஏலம். ஏலத்தில் டிக்ரிதாரரே கோர்ட் அனுமதியோடு கேட்கலாம். அவர் கையிலிருந்து காசு தர வேண்டியதில்லை, தனக்கு வரவேண்டியதில் கழித்துக்கொள்வார். முதல் பத்தியில் கேட்டேனே, ஏன் திருப்பி அனுப்புகிறார் என்று, விடை இந்த விதியில் இருக்கிறது.

ஏலம் முடிந்த பிறகும் ஒரு கடைசி வாசல் உண்டு. விதி 89. ஏலப் பிரகடனத்தில் சொன்ன கடன் தொகையோடு, ஏலம் எடுத்தவருக்கு ஏலத் தொகையில் 5 சதவீதமும் சேர்த்துக் கட்டிவிட்டால் ஏலத்தையே ரத்து செய்துவிடலாம். எத்தனை நாளுக்குள்? 1976 திருத்தம் காலவரையறைச் சட்டத்தில் மனுவுக்கான கெடுவை 30 நாளிலிருந்து 60 ஆக்கியது. ஆனால் நடைமுறைச் சட்டத்தில் பணம் கட்டுவதற்கான கெடு 30 நாள் என்றே கிடந்தது. ஒரு சட்டம் அறுபது என்கிறது, இன்னொன்று முப்பது என்கிறது. நாற்பதாவது நாள் நகையை விற்றுப் பணத்தோடு வந்தவர் கதி என்ன? 1990-ல் உச்ச நீதிமன்றம் முப்பதுதான் என்றது. 2001-ல் தாடி ஜகந்நாதம் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி அறுபது நாள் என்றது. 2002-ல்தான் சட்டப் புத்தகம் திருத்தப்பட்டது. கால் நூற்றாண்டு. இடையில் முப்பத்தோராம் நாள் வந்தவர்களுக்கு யாரும் நிலத்தைத் திருப்பித் தரவில்லை.

மறுபடி முப்பதுகளுக்குப் போவோம். விலை வீழ்ச்சிக்குப் பிறகு சென்னை அரசு விவசாயக் கடனை ஆராய டபிள்யூ.ஆர்.எஸ். சத்தியநாதனை நியமித்தது. அவருடைய அறிக்கை 1935-ல் வந்தது. அதற்கு நாற்பது வருஷம் முன்பே பிரெடரிக் நிக்கல்சன் இதே மாகாணத்தின் கிராமக் கடனை ஆராய்ந்து, கூட்டுறவுக் கடன் சங்கங்கள்தான் வழி என்று எழுதியிருந்தார். 1937-ல் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் அமைச்சரவை வந்தது. 1938 மார்ச் 22-ல் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் அமலானது.

அந்தச் சட்டத்தின் 8-வது பிரிவைப் படித்தால் இன்றைக்கும் கொஞ்சம் மூச்சு நிற்கும். 1932 அக்டோபர் 1-க்கு முன் வாங்கிய கடன் என்றால், 1937 அக்டோபர் 1 அன்று பாக்கி நின்ற வட்டி முழுவதும் தீர்ந்ததாகக் கருதப்படும். அசல் மட்டும் தந்தால் போதும். அதோடு, அசலாகவோ வட்டியாகவோ இதுவரை கொடுத்தது மொத்தமாக அசலைப்போல் இரண்டு மடங்கு ஆகியிருந்தால், அசலும் தீர்ந்தது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1925-ல் 200 ரூபாய் கடன். வருஷா வருஷம் வட்டி என்று சொல்லி இதுவரை 300 ரூபாய் கொடுத்தாயிற்று. பழைய கணக்கில் அசல் 200-ம் அப்படியே நிற்கும், மேல்வட்டியும் நிற்கும். புதிய கணக்கில் இரண்டு மடங்குக்கு, அதாவது 400-க்கு, இன்னும் 100 ரூபாய்தான் குறைகிறது. அந்த 100-ஐத் தந்தால் முடிந்தது. 400 கொடுத்திருந்தால் ஒன்றுமே தர வேண்டாம். 1932-க்குப் பிறகு வாங்கிய கடன்களுக்கு 5 சதவீதத்தில் மறுகணக்கு. கோர்ட் ஒப்புக்கொள்ள மறுத்த தாம்துபட், சட்டசபை வழியாகத் திரும்பி வந்தது என்று இதைச் சொல்லலாம்.

டிக்ரிகளையும் சட்டம் விடவில்லை. ஏற்கெனவே ஆன டிக்ரியைத் திருத்தவும், தீர்ந்ததாகப் பதிவு செய்யவும் 19-வது பிரிவு வழிசெய்தது. ஒரு விதிவிலக்கு எனக்குப் பிடிக்கும். வேறு சொத்தே இல்லாத ஒரு பெண், 3,000 ரூபாய்க்கு மிகாமல் கடன் கொடுத்திருந்தால், அந்தக் கடனுக்கு இந்தத் தள்ளுபடி பொருந்தாது. புருஷன் விட்டுப்போன சொற்பக் காசை வட்டிக்கு விட்டு அரிசி வாங்கிய விதவைகளை யாரோ ஒருவர் அந்த வரைவு மேஜையில் நினைத்துப் பார்த்திருக்கிறார். கடன் கொடுப்பவர் என்றாலே தொந்தியும் கணக்குப் பிள்ளையும் என்ற சினிமாப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வரலாற்றைப் படிக்க முடியாது.

சட்டத்தை எதிர்த்து வழக்குகள் வராமல் இருக்குமா? 1940-ல் சுப்பிரமணியன் செட்டியார் – முத்துசாமிக் கவுண்டன் வழக்கு பெடரல் கோர்ட்வரை போனது. பிராமிசரி நோட்டு என்பது 1935 அரசியல் சட்டப்படி மத்திய அரசின் அதிகாரம், மாகாணம் எப்படிக் கைவைக்கலாம் என்பது வாதம். நல்ல வாதம்தான். அதற்கு வந்த பதில் இன்னும் சாமர்த்தியமானது: நோட்டின்மேல் டிக்ரி ஆகிவிட்டால் நோட்டு டிக்ரிக்குள் கரைந்துவிடுகிறது. இப்போது இருப்பது டிக்ரிக் கடன், நோட்டுக் கடன் இல்லை. டிக்ரிக் கடனை மாகாணம் தொடலாம். பன்னிரண்டு வருஷ ஆயுளுக்காக அவசரமாக டிக்ரி வாங்கி வைத்தவர்களை அந்த டிக்ரியே மாட்டிவிட்டது.

நாற்பது வருஷம் கழித்து இதன் இன்னொரு வடிவம் வந்தது. 1976-ன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் கொத்தடிமைக் கடனை மட்டும் ஒழிக்கவில்லை, அதன்மேல் ஆன டிக்ரிகள் எல்லாம் முழுமையாக நிறைவேறியதாகக் கருதப்படும் என்றது. ஒரு பைசா கைமாறாமல் தீர்ந்த டிக்ரிகள்.

இனி இந்த வரலாற்றின் நடுநாயகமான வழக்கு. 1968, உச்ச நீதிமன்றம், சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போனது. பி.எஸ்.எல். ராமநாதன் செட்டியார் – ஓ.ஆர்எம்.பி.ஆர்எம். ராமநாதன் செட்டியார். வாதி பெயரும் பிரதிவாதி பெயரும் ஒன்று. நகரத்தார் விலாச எழுத்துகள் மட்டும் இல்லையென்றால் ஒருவர் தன்மேலேயே வழக்குப் போட்டதாக நினைக்க வேண்டியிருக்கும்.

கேள்வி இதுதான். டிக்ரி ஆகிறது. தோற்றவர் அப்பீல் போகிறார். அப்பீல் முடியும்வரை ஜப்தி செய்யக் கூடாது என்று தடை கேட்கிறார். சரி, பணத்தைக் கோர்ட்டில் கட்டு, தடை தருகிறேன் என்கிறது கோர்ட். கட்டுகிறார். ஜாமீன் கொடுத்துவிட்டு டிக்ரிதாரர் அந்தப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம் என்றும் உத்தரவில் இருக்கிறது. பணம் கோர்ட்டில் கிடந்தது. கட்டியவர் சொன்னார்: நான் கட்டிவிட்டேன், வட்டி அன்றோடு நின்றது. டிக்ரிதாரர் சொன்னார்: எனக்கு எங்கே வந்தது?

உச்ச நீதிமன்றம் டிக்ரிதாரர் பக்கம் நின்றது. காரணம் எளிமையானது. அந்தப் பணம் கடனை அடைக்கக் கட்டியது இல்லை, நிம்மதியை விலைக்கு வாங்கக் கட்டியது. ஜாமீன் கொடுத்தால்தான் எடுக்கலாம் என்றால், அது இன்னும் டிக்ரிதாரருக்குச் சொந்தமாகவில்லை. அப்பீலில் கட்டியவர் ஜெயித்தால் திரும்பிப் போகும். யாருக்கும் சொந்தமில்லாமல் நடுவில் கிடக்கும் பணம் வட்டியை நிறுத்தாது.

படித்துவிட்டு முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பணம் கடன்காரர் கையிலும் இல்லை, அவரால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, வட்டி மட்டும் அவர் தர வேண்டுமா? யாக்ஞவல்கியரின் மத்தியஸ்தர் இதே வேலையைத்தானே செய்தார்? யோசித்தால் வித்தியாசம் புரிகிறது. அங்கே கடன்காரன் "இந்தா உன் பணம்" என்று வந்தான், மறுத்தவன் கடன் கொடுத்தவன். இங்கே கடன்காரர் "இது உன் பணமே இல்லை" என்று அப்பீலில் வாதாடிக்கொண்டே கட்டியிருக்கிறார். இரண்டும் ஒன்றாகாது. தீர்ப்பு சரிதான் என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் "கோர்ட்ல கட்டிட்டேன் சார்" என்று நிம்மதியாக வீட்டுக்குப் போகிறவரிடம் இந்த வித்தியாசத்தை யார் உட்கார்ந்து விளக்குவது?

தொகையில் வைத்துப் பார்த்தால் உறைக்கும். 3,00,000 ரூபாய் டிக்ரி, 6 சதவீதம். வருஷத்துக்கு 18,000. அப்பீல் எட்டு வருஷம் ஓடினால் 1,44,000. நம் அப்பீல்கள் எட்டு வருஷத்தைச் சாதாரணமாகத் தாண்டும். இதனால்தான் இப்படிக் கட்டும் பணத்தை வங்கியில் வைப்பு நிதியாகப் போடச் சொல்லி இன்று பல கோர்ட்டுகள் உத்தரவிடுகின்றன. மறுபக்கம், ஒரு நடுவர் தீர்ப்பின் முழுத்தொகையையும் கோர்ட்டில் கட்டிய இமாச்சலப் பிரதேச வீட்டுவசதி வாரிய வழக்கில், கட்டிய நாளோடு வட்டி நின்றது என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கட்டிய விதத்தைப் பொறுத்துத்தான் எல்லாம்.

1908-ன் பழைய ஆர்டர் 21, விதி 1, பணத்தை எங்கே கட்டலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வட்டி பற்றி வாய் திறக்கவில்லை. அடமானக் கடனுக்கு மட்டும் 1882-ன் சொத்து மாற்றுச் சட்டம் தெளிவாக இருந்தது. 83, 84 பிரிவுகள். நீட்டிய பணத்தை மறுத்தாலோ, கோர்ட்டில் கட்டினாலோ அடமான வட்டி நிற்கும். டிக்ரிக் கடனுக்கு இந்தத் தெளிவு வர 1976 ஆக வேண்டியிருந்தது. 104-ம் சட்டம், 1977 பிப்ரவரி 1 முதல் அமல்.

புதிய விதி 1 சொல்வது இது. கோர்ட்டில் கட்டினால், கட்டியதாக டிக்ரிதாரருக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும், கோர்ட் மூலமாகவோ நேரடியாகப் பதிவுத் தபாலிலோ. அந்த நோட்டீஸ் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து, கட்டிய தொகைக்கு வட்டி நிற்கும். கட்டிய நாளிலிருந்து இல்லை. வெளியே கொடுத்தால், அதாவது மணியார்டரிலோ வங்கி வழியாகவோ அல்லது எழுத்துச் சான்று இருக்கும் வேறு வழியிலோ கொடுத்தால், கொடுத்த நாளிலிருந்து நிற்கும். அப்புறம் வருகிறது அந்த வாசகம். மணியார்டரை டிக்ரிதாரர் வாங்க மறுத்தால், நீட்டிய நாளிலிருந்து வட்டி கிடையாது. வாங்காமல் ஒளிந்துகொண்டால், தபால்காரர் வழக்கப்படி எந்த நாளில் கொண்டுவந்திருப்பாரோ அந்த நாளிலிருந்து கிடையாது.

சட்டப் புத்தகத்தில் "ஒளிந்துகொள்வதை" முன்கூட்டியே யோசித்து எழுதிய இடங்கள் குறைவு. அடுத்த வாரம் வா என்றவரும், ஊரில் இல்லை என்று வீட்டாரைச் சொல்லச் சொன்னவரும் இந்த ஒரு வரிக்குள் பிடிபட்டுவிட்டார்கள். மத்தியஸ்தர் வேலையைத் தபால்காரர் எடுத்துக்கொண்டார். ஒரே சிக்கல், மணியார்டர் பாரத்தில் அசல் வழக்கு எண், கட்சிக்காரர்கள் பெயர், பணம் அசலுக்கா வட்டிக்கா செலவுக்கா, நிறைவேற்று மனு எண், அனுப்புகிறவர் விலாசம் எல்லாம் எழுத வேண்டும் என்கிறது விதி. அந்தக் குட்டிக் கூப்பனில் "நலம், நலமறிய ஆவல்" எழுதவே இடம் போதாது.

அசலுக்கா வட்டிக்கா என்பது விளையாட்டில்லை. 1921-ல் பிரிவி கவுன்சில், நூஜிவீடு ஜமீன் குடும்பத்து அப்பாராவ்கள் வழக்கில், யாரும் எதுவும் சொல்லாவிட்டால் வந்த பணம் முதலில் வட்டிக்கு, மிச்சம் அசலுக்கு என்றது. 1969-ல் மேக்ராஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது: இது அசலுக்கு என்று சொல்லிக் கட்டி, எதிர்த்தரப்பும் அதை ஏற்றால்தான் அசலில் கழியும். ஏற்காவிட்டால் வட்டிதான் முதலில். அதே 3,00,000 டிக்ரியில் இரண்டு வருஷ வட்டி 36,000 நிற்கும்போது ஒருவர் 1,00,000 கட்டுகிறார். வட்டி போக 64,000 அசலில் கழிந்து, 2,36,000 நிற்கும். அசலில் கழித்திருந்தால் 2,00,000 நிற்கும். ஐந்து வருஷத்தில் இரண்டுக்கும் 10,800 ரூபாய் வித்தியாசம். 6 சதவீதத்தில் இது. 24 சதவீத டிக்ரி என்றால் நீங்களே போட்டுப் பாருங்கள்.

இன்றைக்கு இந்தக் கணக்கில் அதிகம் சிக்குவது மல்லாட்டை விவசாயி இல்லை, அரசாங்கம். விபத்து நஷ்டஈடு கட்டாததால் அரசுப் பேருந்து ஜப்தி என்ற செய்தியைப் படிக்காத தமிழர் இருக்க மாட்டார். நில எடுப்பு இழப்பீட்டில் முதல் வருஷம் 9 சதவீதம், பிறகு 15. அதில் எந்தக் கட்டத்துப் பணம் எந்தக் கட்டத்து வட்டிக்குப் போகும் என்பதைத் தீர்க்க 2006-ல் குர்பிரீத் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் உட்கார வேண்டியிருந்தது. சங்கராபுரம் வட்டம் மூங்கில்துறைப்பட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது, அதனால் இந்தப் பக்கம் கரும்புப் பணம் என்றால் எல்லோருக்கும் தெரியும். 1966-ன் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பு கொடுத்த 14 நாளில் ஆலை பணம் தர வேண்டும், தவறினால் 15 சதவீத வட்டி. அதாவது இதே விவசாயி இந்தக் கணக்கில் கடன் கொடுத்தவர், வட்டிக்கு உரியவர். பாட்டன் காலத்தில் மடியில் பணத்தோடு வாசலில் நின்றவரின் பேரன், இப்போது பணம் வரவேண்டியவராக வாசலில் நிற்கிறார்.

முன்சீப் கோர்ட்டில் இன்று நிறைவேற்று மனுவோடு ஒரு கணக்கு மெமோ தாக்கல் ஆகும். ஒரு பக்கத் தாள். டிக்ரி தொகை, வட்டி விகிதம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, கழிவு. கடன்காரர் தரப்பில் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கழிவுப் பத்தியைத்தான். கட்டிய தொகை அதில் ஏறியிருக்கிறதா, எந்தத் தேதி போட்டு ஏறியிருக்கிறது. கோர்ட்டில் பணம் கட்டிய செலானில் ஒரு தேதி இருக்கும். நோட்டீஸ் சேர்ந்த ஒப்புதல் அட்டையில் வேறொரு தேதி இருக்கும். அட்டை திரும்பி வரவே இல்லை என்றால், மெமோவில் வட்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.